எந்த டிவிடி பிளேயர் நன்றாக உழைக்கும்?

கோண்டாவிலிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். 2012-இல் கொழும்பு முதலாம் குறுக்குத் தெருவில் வாங்கிய டிவிடி பிளேயர் மூன்று மாதமாகத் தகராறு செய்கிறது. பாட்டு சீடி பாடுகிறது, சில படங்கள் ஓடுகின்றன, அக்காவின் கலியாண டிவிடியைப் போட்டால் மட்டும் 'இறுவட்டு இல்லை' என்று திரையில் வருகிறது. அதே கடையில், அதே நாளில், அதே மாதிரிப் பிளேயரை வாங்கிய அவருடைய மாமா பருத்தித்துறையில் கடற்கரையோரம் இருக்கிறார். அங்கே அது இரண்டு வருடத்தில் செத்துவிட்டதாம். எந்த நிறுவனத்தின் பிளேயரை நம்பலாம், இதைத் திருத்துவதா புதிது வாங்குவதா என்பது கேள்வி. அப்பா மாதம் ஒருமுறையாவது அந்தக் கலியாண வீடியோவைப் பார்ப்பார் என்று கடைசியில் ஒரு வரி சேர்த்திருக்கிறார். எனக்கு அந்தக் கடைசி வரிதான் முக்கியமாகப்பட்டது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

தம்பி, பதிலில் பாதியை நீங்களே எழுதிவிட்டீர்கள். ஒரே நாளில் ஒரே கடையில் வாங்கிய இரண்டு பெட்டிகளில் ஒன்று இரண்டு வருடமும் மற்றது பத்து வருடத்துக்கு மேலும் உழைத்திருக்கிறது என்றால், முகப்பில் ஒட்டியிருக்கும் பெயரைத் திட்டவும் முடியாது, புகழவும் முடியாது. 'இந்தக் கம்பனிச் சாமான் சரியில்லை' என்று சொல்லிக்கொண்டு என் திருத்தும் கடைப் படியேறுகிறவர்களிடம் நான் கேட்பது வேறு மூன்று கேள்விகள். வீடு எங்கே? பிளேயரை எதன் மேல் வைத்திருக்கிறீர்கள்? என்ன இறுவட்டுப் போடுகிறீர்கள்? பெரும்பாலும் பெட்டியைத் திறக்காமலே பழுது தெரிந்துவிடும்.

நான் இந்தத் தொழிலுக்கு வந்தது வீடியோ நாடா ஓட்டும் டெக் காலத்தில். தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. ஜெனரேற்றர், ரீவி, டெக் மூன்றையும் ஓர் இரவுக்கு வாடகைக்கு எடுத்து, ஒழுங்கை முழுவதும் ஒரு முற்றத்தில் கூடி, விடியும்வரை மூன்று நான்கு படம் பார்த்த காலம் அது. அந்த டெக்குகள் சைக்கிள் கரியரில் கட்டப்பட்டு ஊரூராகப் போய் வந்தவை. ஹெட்டில் அழுக்குப் பிடித்தால் துடைப்போம், பெல்ட் இளகினால் மாற்றுவோம், மறுபடியும் ஓடும். 2002-இல் ஏ9 பாதை திறந்ததும் விசிடி பிளேயர்களும் டிவிடி பிளேயர்களும் லொறிகளில் வந்து இறங்கின. முதலில் வந்தவை இரும்புத் தட்டும் கனமும் உள்ளவை. வருடம் போகப்போகப் பெட்டி இலேசாகிக்கொண்டே வந்தது. இப்போது வருகிற சிலவற்றைக் கையில் எடுத்தால் உள்ளே ஏதும் இருக்கிறதா என்று குலுக்கிப் பார்க்கத் தோன்றும்.

திறந்து பார்த்தாலும் உள்ளே பெரிதாக ஒன்றும் இல்லை. சுவர் மின்சாரத்தைச் சிறு அழுத்தங்களாக மாற்றும் மின்பலகை ஒன்று, படத்தை விரித்துத் தரும் மூளைப் பலகை ஒன்று, இறுவட்டைச் சுழற்றி வாசிக்கும் பொறி ஒன்று, அவ்வளவுதான். நம் கடைத்தெருவில் விலைபோன மலிவு, நடுத்தரப் பிளேயர்களில் மிகப் பலவற்றின் மூளை மீடியாடெக் நிறுவனத்தின் எம்டி1389 வகைச் சில்லு. வாசிக்கும் உறுப்பு, அதாவது நாம் எல்லோரும் 'லென்ஸ்' என்று சொல்கிற முழுப் பகுதி, சான்யோவின் எஸ்எஃப்-எச்டி62 அல்லது எச்டி65, இல்லாவிட்டால் சோனியின் கேஎச்எம்-313, அல்லது இவற்றைப் பார்த்துச் செய்த போலி. வெளியே ஐந்து பெயர் இருந்தாலும் உள்ளே ஒரே குடல். ஆகவே 'எந்த நிறுவனம்' என்ற கேள்விக்கு இந்த விலைத் தரத்தில் உண்மையான பதில் கிடையாது. எந்த லென்ஸ் பூட்டியிருக்கிறார்கள், மின்பலகையில் எவ்வளவு மிச்சம் பிடித்திருக்கிறார்கள் என்பவைதான் வித்தியாசம். அந்த இரண்டையும் பெட்டிக்கு வெளியே எழுதுவதில்லை.

வாங்கியவர்களின் அனுபவக் கதைகளையும் இதை மனதில் வைத்துத்தான் கேட்க வேண்டும். மூன்று மாதத்தில் செத்த சாமானைப் பற்றி ஒருவர் முப்பது பேரிடம் சொல்வார். பதினைந்து வருடமாக மூலையில் ஓடிக்கொண்டிருப்பதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. எனக்கும் இதே கோளாறுதான், ஏனென்றால் நல்ல பிளேயர்கள் என் கடைக்கு வருவதே இல்லை. இன்னொன்று, மின்பொருள்களின் சாவுக்கு ஒரு ஒழுங்கு உண்டு. தொழிற்சாலையில் ஒழுங்காக ஒட்டாதவை முதல் சில மாதங்களிலேயே போய்விடும். அதைத் தாண்டியவை வருடக்கணக்கில் சத்தமில்லாமல் உழைக்கும். பிறகு தேய்மானம் வரும். உங்கள் பிளேயர் இந்த மூன்றாம் கட்டத்தில் நிற்கிறது. மாமாவுடையது இந்த ஒழுங்குக்குள்ளேயே வராது, அதைக் கொன்றது உப்பு.

கடற்கரை வீடுகளிலிருந்து வரும் பிளேயர்களை நான் பார்த்தவுடன் சொல்லிவிடுவேன். பருத்தித்துறை, ஊர்காவற்றுறை, காரைநகர் எதுவாக இருந்தாலும் மூடியின் திருகாணிகள் துருப்பிடித்து, திறக்கும்போதே தலை உடையும். உள்ளே லென்ஸையும் பலகையையும் இணைக்கும் தட்டையான நாடாவின் முனைகள் பச்சை பூத்திருக்கும். அந்த நாடாவில் இருபதுக்கு மேற்பட்ட மெல்லிய கம்பிகள் அருகருகே போகின்றன. ஒன்றின் முனையில் உப்பு ஏறினாலும் லென்ஸ் குருடாகிவிடும். பாவம், ஆட்கள் இதற்குப் புது லென்ஸ் வாங்கிப் போடுவார்கள். பல தடவை அந்த நாடாவைக் கழற்றி, முனையை ஸ்பிரிட்டால் துடைத்து, திரும்பச் செருகியதும் பிளேயர் உயிர்த்திருக்கிறது. மாமா அந்தப் பெட்டியை எறியவில்லை என்றால் எடுத்து வரச் சொல்லுங்கள்.

உங்கள் பக்கத்துக் கதை வேறு. கோண்டாவில், உரும்பிராய், கோப்பாய் என்றால் செம்பாட்டு மண். சோளகக் காற்று வீசும் மாதங்களில் வெங்காயத் தோட்டத்துப் புழுதி வீட்டுக்குள் எப்படி வருகிறது என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. வெள்ளைச் சட்டையில் பிடித்தால் போகாத அந்தத் தூள்தான் லென்ஸின் மேலும் படிகிறது. ஒரு டிவிடியில் ஒரு தடத்துக்கும் அடுத்த தடத்துக்கும் இடைவெளி 0.74 மைக்ரோமீட்டர், சீடியில் 1.6. ஒரு தலைமயிரின் தடிப்புக்குள் டிவிடியின் தடங்கள் ஏறத்தாழ நூறு அடங்கிவிடும். இவ்வளவு நுணுக்கத்தை ஒரு சிறு பிளாஸ்டிக் லென்ஸ் வழியாகப் பார்த்து வாசிக்க வேண்டும். அதன் மேல் செம்மண் படலம் படிந்தால் பெரிய எழுத்தான சீடி எப்படியோ வாசிக்கப்படும், பொடி எழுத்தான டிவிடி தடுமாறும். உங்கள் பிளேயரின் குணத்தைப் பாருங்கள், பாட்டு சீடி பாடுகிறது என்கிறீர்கள்.

ஆனால் இதற்கு இன்னொரு காரணமும் இருக்கலாம். சீடிக்கும் டிவிடிக்கும் ஒரே ஒளி பயன்படுவதில்லை. சீடிக்கு 780 நானோமீட்டர் அகச்சிவப்பு, டிவிடிக்கு 650 நானோமீட்டர் சிவப்பு. ஒரே லென்ஸின் பின்னால் இந்த இரண்டு லேசர்களும் தனித்தனியாக இருக்கின்றன. ஒன்று கிழமாகிப் போனாலும் மற்றது இளமையாக இருக்கும். சீடி மட்டும் பாடும் பிளேயர் என்றால் லென்ஸில் புழுதி, அல்லது சிவப்பு லேசர் சோர்ந்துவிட்டது. இரண்டையும் பிரித்தறியத் துடைத்துப் பார்ப்பதே முதல் வழி.

துடைப்பதிலும் ஒரு முறை இருக்கிறது. அந்த லென்ஸ் நான்கு மெல்லிய கம்பிகளில் தொங்குகிறது. பாத்திரம் தேய்ப்பதுபோல அழுத்தினால் கம்பி வளைந்து, அன்றோடு சரி. பஞ்சுக் குச்சியில் ஐசோபுரோபைல் ஆல்கஹால் ஒரு துளி நனைத்து, கண்ணிமையைத் தொடுவதுபோல ஒருமுறை, பிறகு உலர்ந்த குச்சியால் ஒருமுறை. பெற்றோல், தின்னர் இரண்டும் கூடாது. லென்ஸ் பிளாஸ்டிக் என்பதால் மங்கிவிடும். சிறு தூரிகை ஒட்டிய 'கிளீனர் சீடி' என்று விற்கிறார்கள், இலேசான தூசிக்குச் சரி, செம்மண்ணுக்குப் போதாது. லென்ஸ் முன்னும் பின்னும் வழுக்கிச் செல்லும் இரும்புக் கம்பியில் பழைய கிரீஸ் காய்ந்திருந்தால் துடைத்துவிட்டு வெள்ளைக் கிரீஸ் சிறிதளவு தடவலாம். ஒரு ஐயா அதற்கு நல்லெண்ணெய் விட்டிருந்தார். எறும்பு குடும்பத்தோடு வந்து குடியிருந்தது.

மூடியைத் திறப்பதற்கு முன் ஒன்று கவனியுங்கள். சுவரில் இருந்து செருகியைக் கழற்றிய பிறகும் மின்பலகையில் மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் பெரிய கெப்பாசிட்டரில் அழுத்தம் தங்கியிருக்கும். நமது 230 வோல்ட் அதற்குள் நேர் மின்னாக மாறும்போது ஏறத்தாழ 325 வோல்ட். கழற்றிவிட்டுச் சற்று நேரம் பொறுங்கள், அந்தப் பலகையில் கை வைக்க வேண்டாம். மூடி இல்லாமல் இயக்கிப் பார்ப்பதானால் லேசரை நேராகக் குனிந்து பார்க்கவும் கூடாது. பக்கவாட்டில் தள்ளி நின்று, இறுவட்டு இல்லாமல் இயக்கினால், லென்ஸ் இரண்டு மூன்று முறை மேலும் கீழும் அசைவதும் மங்கலான சிவப்பு தெரிவதும் போதும். அசைவும் இல்லை, சிவப்பும் இல்லை என்றால் நாடாவையும் மின்பலகையையும் சந்தேகியுங்கள்.

மின்சாரத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் ஊரில் பிளேயர்களைப் புழுதியை விட அதிகம் தின்றது இதுதான். போர்க்காலத்தில் ஜெனரேற்றரில் ஓடியவை உண்டு. பிறகு மாலை விளக்கு வைக்கும் நேரத்தில் மின்னழுத்தம் விழுந்து, குழல் விளக்கு எரிய மறுத்த நாள்களும் உண்டு. 2022-இல் நாடு முழுவதும் ஒரு கட்டத்தில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் மின்வெட்டு இருந்தது. மின்சாரம் போவதால் பிளேயருக்குக் கெடுதி இல்லை, திரும்பி வரும் அந்தக் கணத்தில்தான் அடி விழுகிறது. அந்த மாதங்களில் என் மேசையில் வரிசையாகக் கிடந்தவற்றில் பெரும்பாலானவற்றுக்கு மின்பலகைதான் போயிருந்தது.

சிறிய கெப்பாசிட்டர்களின் சாவு மெதுவாக வரும். தலை உப்பும், சில கசியும். வெளியே தெரியும் குணம் இப்படி: காலையில் இயக்கினால் முகப்பு விளக்கு மின்னி மின்னி அணைகிறது, நாலைந்து தடவை அழுத்தினால் எழும்புகிறது, எழும்பிய பிறகு நன்றாக ஓடுகிறது. இதைப் பார்த்தால் லென்ஸைத் தொட வேண்டாம். ஓரிரண்டு கெப்பாசிட்டரை மாற்றினால் போதும், பிளேயர் திருத்தங்களில் இதைவிட மலிவானது இல்லை. 85 பாகை என்று எழுதியிருப்பதைப் பூட்டாமல் 105 பாகை என்று எழுதியிருப்பதைப் பூட்டச் சொல்லுங்கள். வெப்பம் பத்துப் பாகை குறைந்தால் கெப்பாசிட்டரின் ஆயுள் ஏறத்தாழ இரட்டிக்கும் என்பது இந்தத் துறையில் ஒரு பொதுக் கணக்கு. அதனால்தான் பிளேயருக்கு மேல் பின்னல் சீலை போர்த்தி, அதன் மேல் பூச்சாடி வைக்கும் பழக்கத்தைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது. சித்திரை மாத வெயிலில் காற்றுத் துளைகளையும் மூடிவிட்டால் அது உள்ளேயே வேகும். புழுதிக்காகச் சீலை போடுவதானால் ஓடாத நேரத்தில் போடுங்கள், ஓடும்போது எடுத்துவிடுங்கள்.

ரிமோட்டில் அணைத்தால் பிளேயர் தூங்குவதில்லை என்பதும் பலருக்குத் தெரியாது. மின்பலகை இரவும் பகலும் விழித்திருக்கிறது, கெப்பாசிட்டர் கிழமாகிக்கொண்டே இருக்கிறது, பல்லிக்கும் இளஞ்சூடான வீடு கிடைக்கிறது. காற்றுத் துளை வழியாக உள்ளே போய் முட்டையிட்ட பல்லிகளை எத்தனையோ எடுத்திருக்கிறேன். ஒன்று மின்பலகையின் இரண்டு முனைகளுக்குக் குறுக்கே கிடந்து, தானும் கருகிப் பெட்டியையும் கருக்கியிருந்தது. சுவரிலுள்ள சுவிட்ச்சை அணைத்துவிடுங்கள். ஐப்பசி கார்த்திகை இடி மின்னலுக்குச் செருகியையே கழற்றிவிடுங்கள்.

வெளிநாட்டிலிருந்து வரும் பெட்டிகள் தனிச் சோகம். கனடாவிலிருந்து தங்கை ஒருவர் அண்ணனுக்குக் கொண்டுவந்த பிளேயரை, முள் பொருந்தவில்லை என்று ஒரு மாற்றியைப் போட்டுச் சுவரில் செருகினார்கள். அந்த மாற்றி முள்ளின் வடிவத்தைத்தான் மாற்றும், வோல்ட்டை மாற்றாது. கனடாவில் 120 வோல்ட், இங்கே 230. ஒரு சத்தம், ஒரு மணம், அவ்வளவுதான். பின்பக்கத்தில் 100-240 என்று அச்சிட்டிருந்தால் மட்டுமே நேராகச் செருகலாம். அங்கிருந்து வரும் கடை இறுவட்டுகளிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. படக் கம்பனிகள் உலகை வலயங்களாகப் பிரித்து, ஒரு வலயத்து இறுவட்டு இன்னொன்றின் பிளேயரில் ஓடாதபடி பூட்டியிருக்கின்றன. கனடா முதலாம் வலயம், பிரித்தானியா இரண்டாம் வலயம், இலங்கையும் இந்தியாவும் ஐந்தாம் வலயம். வலயம் பொருந்தாவிட்டால் பிளேயர் வாசிக்க மறுக்கும், ஆட்கள் அதைப் பழுது என்று நினைப்பார்கள். நம் சந்தைக்கு வந்த மலிவுப் பெட்டிகள் பலவற்றில் வலயப் பூட்டு ஏற்கெனவே திறந்துதான் இருந்தது. விலை கூடியவைதான் இதில் பிடிவாதக்காரர்கள். படம் கறுப்பு வெள்ளையாகத் தெரிந்தாலோ உருண்டுகொண்டே போனாலோ அதுவும் பழுதில்லை. இறுவட்டு அமெரிக்கப் படமுறையான என்டிஎஸ்சி (NTSC), பழைய ரீவி நமது பால் (PAL) முறை. அமைப்புப் பட்டியலில் மாற்றிவிடலாம்.

இனி அக்காவின் கலியாண டிவிடி. உங்கள் கேள்வியில் 'சில படங்கள் ஓடுகின்றன, கலியாண டிவிடி ஓடவில்லை' என்று இருக்கிறது. அந்தப் படங்கள் தொழிற்சாலையில் அச்சடித்தவையாக இருக்கும். கலியாண டிவிடி ஸ்ரூடியோக்காரர் கணினியில் எழுதியது. இரண்டும் கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரிந்தாலும் சாதியே வேறு. அச்சடித்ததில் தகவல் பிளாஸ்டிக்கில் பதித்த பள்ளங்களாக இருக்கிறது. எழுதியதில் அது ஒரு சாயப் படலத்தில் லேசரால் உண்டாக்கிய அடையாளம் மட்டுமே. வெயிலும் வெப்பமும் ஈரமும் அந்தச் சாயத்தை மங்கச் செய்யும். அலுமாரியின் மேல்தட்டில், ஓட்டுக்குக் கீழே, பிளாஸ்டிக் உறைக்குள் பத்து வருடம் இருந்த இறுவட்டு எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். அதோடு நம் ஸ்ரூடியோக்கள் பலவற்றில் அவசரத்துக்கு அதிவேகத்தில் எழுதுவார்கள், மேலே மணமக்களின் படம் அச்சிட்ட ஒட்டுத்தாளையும் ஒட்டுவார்கள். டிவிடி உள்வட்டத்தை வாசிக்கும்போது நிமிடத்துக்கு ஏறத்தாழ 1,400 சுற்றுச் சுழல்கிறது. ஒட்டுத்தாள் ஒரு பக்கம் சற்று விலகினாலும், ஒரு மூலை குமிழ் விட்டாலும், இறுவட்டு ஆடும். தாலி கட்டும்வரை ஒழுங்காக ஓடி, பந்தியில் சாப்பாட்டுக் காட்சி வரும்போது படம் கட்டம் கட்டமாக உடைகிறது என்று சொல்லி வருகிறவர்கள் பலர். டிவிடி உள்ளிருந்து வெளிநோக்கி வாசிக்கப்படுகிறது. பிற்பகுதியில் திணறினால் விளிம்புப் பக்கத்தில் கோளாறு, அதாவது ஒட்டுத்தாள், வளைவு, மலிவு இறுவட்டு, அல்லது லென்ஸ் வழுக்கும் கம்பியின் வெளி முனையில் காய்ந்த கிரீஸ்.

தகவலை இரண்டு அடுக்காக வைக்கும் இரட்டை அடுக்கு இறுவட்டும் திரும்பத் திரும்ப எழுதும் வகையும் இன்னும் சிரமமானவை. சாதாரண ஓரடுக்கு டிவிடி தன்மேல் விழும் ஒளியில் 45 முதல் 85 சதவீதம் வரை திருப்பி அனுப்பும். இந்த இரண்டும் 18 முதல் 30 சதவீதம்தான் அனுப்பும். முதலில் லேசர் சோர்வது இங்கேதான் தெரியும். நான்கு மணி நேரக் கலியாணத்தை 8.5 ஜிகாபைட் இரட்டை அடுக்கு இறுவட்டில் ஒரே துண்டாக எழுதித் தந்திருந்தால், நடுவில் ஓரிடத்தில் உறைந்து நிற்பது அடுக்கு மாறும் இடமாக இருக்கலாம்.

கீறல்களுக்கு எல்லோரும் பயப்படுகிறார்கள், ஆனால் டிவிடியில் தகவல் இருப்பது இரண்டு 0.6 மில்லிமீட்டர்த் தகடுகளுக்கு நடுவே. சீடியில்தான் அது மேல் முகத்துக்கு அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும், பேனாவால் அழுத்தி எழுதினாலே சேதம். டிவிடிக்கு அதைவிட ஆபத்து, இறுக்கமான உறையிலிருந்து வளைத்துப் பிடுங்குவது. இரண்டு தகடும் ஓரத்தில் விலகிக் காற்று உள்ளே போய்விட்டால் சரிசெய்ய ஒன்றும் இல்லை. நடுவிலுள்ள குமிழை அமுக்கிவிட்டு எடுங்கள். துடைப்பது நடுவிலிருந்து விளிம்புக்கு நேர்கோடாக. வட்டமாகத் துடைத்தால் கீறல் தடத்தோடு சேர்ந்து ஓடும், பிளேயரால் அதைத் தாண்ட முடியாது.

ஆகவே இன்று மாலை நீங்கள் செய்ய வேண்டியது இது. தொழிற்சாலையில் அச்சடித்த டிவிடி ஒன்று, வேறொரு வீட்டுக் கலியாண டிவிடி ஒன்று, உங்கள் அக்காவுடையது, மூன்றையும் போட்டுப் பாருங்கள். முதல் இரண்டும் ஓடி மூன்றாவது மட்டும் ஓடாவிட்டால் இறுவட்டு நோயாளி, பிளேயர் தேறும். எழுதிய இரண்டும் ஓடாமல் அச்சடித்தது மட்டும் ஓடினால் லென்ஸைத் துடைக்க வேண்டும், துடைத்தும் சரிவராவிட்டால் லேசர் சோர்ந்துவிட்டது. மூன்றையும் சுழற்றவே இல்லை என்றால் சுழல் மோட்டாரைப் பார்க்க வேண்டும். தட்டு வெளியே வர மறுப்பதற்குக் காரணம் பெரும்பாலும் உள்ளே இருக்கும் சின்ன ரப்பர் பெல்ட். வெந்நீரில் சில நிமிடம் போட்டால் சுருங்கிக் கொஞ்ச நாள் ஓடும், அதற்குள் புது பெல்ட் தேடிக்கொள்ளலாம்.

லேசர்தான் பழுது என்றால் ஒரு தந்திரத்தைப் பற்றி எச்சரிக்க வேண்டும். லென்ஸின் பக்கத்தில் மிகச் சிறிய திருகு இருக்கும். அதைச் சற்றுத் திருப்பினால் லேசருக்கு மின்னோட்டம் கூடி, செத்த பிளேயர் அந்த இடத்திலேயே பாடும். வாடிக்கையாளர் மகிழ்ச்சியோடு காசு தருவார். நானும் தொழில் தொடங்கிய காலத்தில் இதைச் செய்திருக்கிறேன், மறைக்கவில்லை. நல்லூர்த் திருவிழாவுக்கு முன் அப்படிச் செய்து கொடுத்த ஒரு பெட்டி, தேர் முடிவதற்குள் திரும்பி வந்தது. கிழட்டு மாட்டை அடித்து ஓட்டுவது போன்ற வேலை அது. லென்ஸை முழுதாக மாற்றுவதே திருத்தம். புதிய லென்ஸைப் பூட்டுகிறவர் அதன் பலகையில் இருக்கும் ஒரு துளி ஈயத்தை எடுக்க வேண்டும். நிலைமின் தாக்காமல் இருக்கத் தொழிற்சாலையில் வைத்த காப்பு அது. எடுக்காவிட்டால் லேசர் எரியாது. முதன்முதலில் இதை அறியாமல் இரண்டு புது லென்ஸ்களைப் 'போலிச் சாமான்' என்று கொழும்புக்குத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். கடைக்காரர் தொலைபேசியில் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

திருத்துவதா, புதிதா? 2012 காலத்துப் பெட்டியில் நாடா, துடைப்பு, பெல்ட், கெப்பாசிட்டர் என்றால் கண்ணை மூடிக்கொண்டு திருத்துங்கள். லென்ஸ் மாற்ற வேண்டும் என்றால் அந்த மாதிரி லென்ஸ் கடையில் இருக்கிறதா, கூலியோடு சேர்த்து எவ்வளவு என்று கேளுங்கள். புதுப் பிளேயர் விலையில் பாதிக்குள் வந்தால் சரி. மூளைப் பலகை போயிருந்தால் விட்டுவிடுங்கள். புதிதாக வாங்குகிறவர் இறுவட்டுப் பிளேயர்களின் பொற்காலம் போய்விட்டது என்பதையும் தெரிந்து வாங்க வேண்டும். தரத்துக்குப் பேர்போன ஓப்போ டிஜிட்டல் 2018-இல் இந்தத் துறையை விட்டு விலகியது. இப்போது கடையில் இருப்பவை கடைசி வரிசைச் சாமான்கள். கடைக்குப் போகும்போது உங்கள் வீட்டு எழுதிய இறுவட்டு ஒன்றைக் கையில் கொண்டுபோங்கள். கடைக்காரர் தன் இறுவட்டைப் போட்டுக் காட்டுவார், அது எதிலும் ஓடும். உங்களுடையதைப் போட்டு, கடைசி அத்தியாயத்துக்குத் தாவச் செய்து, அங்கே ஒரு நிமிடம் ஓடவிட்டுப் பாருங்கள். தட்டு வெளியே வரும்போது கரகரவென்று அரைத்தால் வேண்டாம். எச்டிஎம்ஐ இணைப்பு இருந்தால் நல்லது, ஆனால் 1080 என்று பெட்டியில் எழுதியிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். நம் பால் முறை டிவிடியில் இருப்பது 576 கோடுகள்தான், மீதியைப் பிளேயர் தன் கணக்கில் நிரப்புகிறது. உத்தரவாதச் சீட்டில் எந்த ஊரில் திருத்துவார்கள் என்று கேளுங்கள். கொழும்புக்கு அனுப்பி ஆறு கிழமை காத்திருக்க வேண்டும் என்றால் அந்தச் சீட்டுக்குப் பெறுமதி குறைவு.

ஆனால் இவை எல்லாவற்றுக்கும் முன் ஒரு வேலை இருக்கிறது. பிளேயர் செத்தால் இன்னொன்று வாங்கலாம், அக்காவின் கலியாணத்தை இன்னொரு தடவை வாங்க முடியாது. கணினியின் டிவிடி எழுதிகள் பல நேரம் வீட்டுப் பிளேயரால் முடியாததையும் வாசித்துவிடும், ஒன்றால் முடியாததை இன்னொன்று வாசிக்கும். ஆகவே ஒரு கணினியில் கைவிட்டால் இரண்டு மூன்றில் முயலுங்கள். டிடிரெஸ்க்யூ என்று ஒரு இலவச மென்பொருள் இருக்கிறது. அது பழுதான இடத்தில் முட்டிக்கொண்டு நிற்காமல் நல்ல பகுதிகளை முதலில் எடுத்துவிட்டு, பிறகு திரும்பி வந்து மிச்சத்தைச் சுரண்டும். ஓர் இறுவட்டுக்கு ஓர் இரவு முழுவதும் எடுக்கலாம், பொறுமை வேண்டும். எடுத்ததை ஒரு வன்தட்டிலும் ஒரு பென்டிரைவிலும் போடுங்கள். அக்கா வெளிநாட்டில் இருந்தால் அவருக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். ஸ்ரூடியோவிலும் கேட்டுப் பாருங்கள், சிலர் மூலப் பதிவை வைத்திருப்பார்கள். வீட்டில் கலியாணம் பழைய டெக் நாடாவிலும் இருக்கிறது என்றால் அதையும் சேர்த்துக் கொண்டுபோங்கள். டெக் செய்த கடைசிப் பெரிய நிறுவனமான ஃபுனாய் 2016-இலேயே தயாரிப்பை நிறுத்திவிட்டது, நாடா வாசிக்கும் பொறி வருடத்துக்கு வருடம் குறைகிறது.

பென்டிரைவை ரீவியின் பின்னால் செருகி அப்பாவுக்குக் காட்டலாம். ஆனால் என் அனுபவத்தில் வயதானவர்கள் அந்தப் பட்டியலுக்குள் புகுந்து கோப்பைத் தேட விரும்புவதில்லை. தட்டைத் திறந்து, இறுவட்டை வைத்து, மூடி, படம் வரும்வரை காத்திருப்பதுதான் அவர்களுக்குப் பழக்கம். ஆகவே மீட்டெடுத்ததை நல்ல டிவிடி-ஆர் ஒன்றில், 8 மடங்கு வேகத்துக்கு மேல் போகாமல் எழுதி, ஒட்டுத்தாள் ஒட்டாமல், மேலே மார்க்கர் பேனாவால் அக்காவின் பெயரையும் கலியாணத் திகதியையும் எழுதிக் கொடுங்கள். பிளேயரைத் துடைத்த பிறகு அந்தப் புது இறுவட்டு ஓடுகிறதா என்று எனக்கு அறிவியுங்கள். ஓடாவிட்டால் பெட்டியை எடுத்து வாருங்கள், எஸ்எஃப்-எச்டி62 இரண்டு என் லாச்சியில் இருக்கின்றன.